காலியான கருவறையைக் காண ஒரு மலைப் பயணம்: டியெங் புறப்படும் முன் நாம் கற்க வேண்டியவை



போன மாதம் ஞாயிறு வகுப்பு முடிந்து, வழக்கம்போல தேக்காவில் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். பேச்சு ஜூன் விடுமுறைப் பக்கம் திரும்பியது. "இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து ஒரு மலைக்குப் போகலாம் அண்ணா. பழைய கோயில் இருக்கிற மலையா இருக்கணும்," என்றார் ஒரு தம்பி. உடனே கைப்பேசிகள் வெளியே வந்தன. கேதார்நாத் என்றார் ஒருவர். பெரு நாட்டின் மச்சு பிச்சு என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லார் கையிலும் ஒரே படம். பனிமூட்டத்துக்குள் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னக் கற்கோயில்கள். இந்தோனீசியாவில், மத்திய ஜாவாவில் உள்ள டியெங் பீடபூமி.

பத்தே நிமிடத்தில் திட்டம் தயார். விடியற்காலையில் சூரிய உதயம், பிறகு எரிமலைப் பள்ளம், நேரம் இருந்தால் கோயில்.

பிள்ளையை அழைத்துப் போக வந்த ஒரு தாயார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கோயில்னு சொல்றீங்களே, உள்ள சாமி இருக்கா? பூசை நடக்குதா?" என்றார்.

"இல்லக்கா. கருவறை காலியாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்குப்பா அவ்வளவு தூரம் போறீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் பிறந்ததுதான் இந்தப் பாடம். பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்றும் இதில் பார்ப்போம். எதற்காகப் போகிறோம் என்று தெரிந்தால்தான் திட்டமே சரியாக அமையும்.

எந்த மலை, எந்த உயரம்?

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். நாம் சமவெளிக்காரர்கள். சிங்கப்பூரின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா வெறும் 164 மீட்டர்தான். நம்மில் பலர் மின்தூக்கி பழுதானால் ஐந்தாம் மாடிக்கே மூச்சு வாங்குவோம்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். காற்றில் உயிர்வாயுவின் பங்கு மாறாது. ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் அளவு குறைந்துவிடும். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் 2,000 மீட்டரில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான் கிடைக்கும். கேதார்நாத் இருக்கும் ஏறத்தாழ 3,580 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்.

மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, தலைசுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். மச்சு பிச்சு 2,430 மீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வந்து இறங்கும் குஸ்கோ நகரம் 3,400 மீட்டரில் இருக்கிறது. அதனால் சிரமம் சிதைவுகளைப் பார்க்கும் முன்பே, விமான நிலையத்திலேயே தொடங்கிவிடலாம். 3,000 மீட்டரைத் தாண்டினால் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேறிகளின் பொது விதி. அதற்கெல்லாம் கூடுதல் நாட்கள் வேண்டும்.

டியெங் ஏறத்தாழ 2,000 மீட்டர். பெரும்பாலோருக்கு லேசான தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம், அதற்குமேல் அச்சமில்லை. முதன்முறை மலைக்குப் போகும் குழுவுக்குப் பொருத்தமான உயரம். அதோடு, சிங்கப்பூரிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் விமானத்தில் ஜாவா போய்விடலாம். உயரம் கூடிய கேதார்நாத் பிறகு வரட்டும். முதல் படியில் கால் வைத்துவிட்டுத்தானே அடுத்த படி?

டியெங்கைக் கட்டியவர்களும் பெயர் வைத்தவர்களும்

"டி ஹ்யாங்" என்ற பழைய சொற்களிலிருந்து டியெங் என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். தேவர்கள் உறையும் இடம் என்று பொருள். ஜாவாவில் இன்று நிற்கும் இந்துக் கற்கோயில்களில் மிகப் பழையவை இவைதான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அர்ஜுனா கோயிலுக்கு அருகே கிடைத்த கல்வெட்டில் சக ஆண்டு 731 என்று உள்ளது. அதாவது பொது ஆண்டு 809. தஞ்சைப் பெரிய கோயிலைவிட இரண்டு நூற்றாண்டு பழைய கல்வெட்டு அது.

இப்போது எட்டுக் கோயில்கள் நிற்கின்றன. அர்ஜுனா, செமார், ஸ்ரீகண்டி, புந்தாதேவா, செம்பத்ரா ஆகிய ஐந்தும் ஒரே வளாகத்தில் உள்ளன. கடோத்கஜா, பீமா, துவாரவதி ஆகிய மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. புந்தாதேவா என்றால் தருமர். செம்பத்ரா என்றால் சுபத்திரை. செமார் மட்டும் வியாசர் சொல்லாத பாத்திரம். ஜாவாவின் நிழற்பொம்மலாட்டத்தில் பாண்டவர்களுக்குத் துணையாக வரும் ஞானமுள்ள கோமாளி அவர்.

ஆனால் இந்தப் பெயர்களைக் கோயில் கட்டியவர்கள் வைக்கவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, பாரதக் கதையில் ஊறிய ஜாவா மக்கள் வைத்த பெயர்கள் இவை. இதைக் கேட்டதும் உங்களுக்கு வேறோர் ஊர் நினைவுக்கு வரவேண்டும். ஆம், மாமல்லபுரம்! அங்கேயும் தருமராசர் ரதம், பீம ரதம், அர்ச்சுன ரதம், திரௌபதி ரதம் என்கிறோம். அந்தப் பல்லவர் கோயில்களுக்கும் பாரதக் கதைக்கும் தொடர்பில்லை. அவையும் பின்னால் வந்த மக்கள் வைத்த பெயர்களே. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், யார் கட்டியது என்பதை மறந்துபோன மக்கள் ஒரே கதையிலிருந்து பெயர் எடுத்துக் கோயில்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி நம் ஊரோடு தொடர்புடையது. 1814ல், ஜாவா ராஃபிள்ஸின் ஆட்சியில் இருந்தபோது, கொர்னேலியஸ் என்ற டச்சு அதிகாரி இந்த இடத்தைப் பார்த்தார். அப்போது கோயில்கள் ஏரி நீருக்கு நடுவே நின்றன. 19ஆம் நூற்றாண்டில் அந்த நீர் வடிக்கப்பட்டது. ஆனால் கட்டியவர்கள் நீரைப் பற்றி யோசிக்காமல் இல்லை. சதுப்பு நிலத்தை உலர்த்த அவர்கள் தரைக்கடியில் கால்வாய் அமைத்திருந்தார்கள். அதற்கு ஊர் மக்கள் வைத்த பெயர் "அஸ்வத்தாமா சுரங்கம்". கல் வைக்கும் முன்பே நீருக்கு வழி செய்தவர்கள் அவர்கள். அவர்களின் ஊருக்குப் போகும் நாம் பத்து நிமிடத்தில் திட்டம் போட்டால் நன்றாக இருக்குமா?

எப்போது போவது?

"டிசம்பர்ல நீண்ட லீவு இருக்கே, அப்பப் போகலாமே?" என்று ஒரு தங்கை கேட்டார். வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கனமழை. 2014 டிசம்பரில், டியெங்கின் ஒரு பகுதி அடங்கிய பஞ்சார்நெகாரா மாவட்டத்தில் மண்சரிவு ஒரு சிற்றூரையே மூடிவிட்டது. மலைச்சாலையில் மழைக்காலப் பயணம் நமக்கு ஒத்துவராது.

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட பருவம். நம் ஜூன் பள்ளி விடுமுறை அதற்குள் அமைகிறது. ஆனால் வறண்ட பருவம்தான் குளிர் கடுமையான பருவமும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது கணக்கு. 2,000 மீட்டரில் 13 டிகிரி குறைந்துவிடும். இரவில் 10 டிகிரிக்கும் கீழே போகும். ஜூலை, ஆகஸ்ட் விடியலில் சில நாட்கள் புல்மேல் வெண்பனி உறைந்து கிடக்கும். "எம்புன் உப்பாஸ்" என்று அதைச் சொல்கிறார்கள். நஞ்சுப் பனி என்று பொருள். நமக்கு அது அழகான படம். உருளைக்கிழங்கு பயிரிட்டவருக்கோ ஒரே இரவில் பயிர் கருகும் நட்டம். அந்தப் பனியைப் பார்த்ததும் "சூப்பர்!" என்று கத்தும் முன், பக்கத்து வயல்காரர் முகத்தை ஒரு தடவை பாருங்கள்.

துணி எடுத்துவைக்கும்போது ஒரே தடித்த சட்டையை நம்பாமல் மூன்று அடுக்காக யோசியுங்கள். உடலை ஒட்டிய ஒன்று, கதகதப்புக்கு ஒன்று, காற்றையும் தூறலையும் தடுக்க ஒன்று. காதை மூடும் குல்லாய், காலுறை இரண்டு சோடி. புதிதாக வாங்க வேண்டியதில்லை. போன வருடம் குளிர்நாட்டுக்குப் போய்வந்த அண்ணன் அக்காமாரிடம் கேட்டாலே பாதி கிடைத்துவிடும்.

தரைக்கடியில் இருக்கும் ஆபத்து

டியெங் ஓர் எரிமலை நிலம். சிக்கிடாங் என்ற பள்ளத்தில் சேறு கொதிப்பதையும் கந்தகப் புகை எழுவதையும் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். வேடிக்கைதான். ஆனால் 1979 பிப்ரவரியில் சினிலா பள்ளம் வெடித்து வெளிவந்த நச்சுக்காற்றில் ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டு ஊரைவிட்டு ஓடியவர்கள் வழியிலேயே விழுந்தார்கள். 2017 ஜூலையில் சிலேரி பள்ளம் வெடித்துச் சுற்றுப்பயணிகள் பலர் காயமடைந்தனர்.

கரிவாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். காற்றில்லாத விடியற்காலையில் பள்ளத்துக்குள் இறங்குவதும், படம் எடுக்கக் குனிந்து உட்காருவதும் ஆபத்து. எனவே மூன்று விதிகள்:

ஒன்று, புறப்படும் வாரத்தில் இந்தோனீசிய எரிமலைக் கண்காணிப்பு அமைப்பின் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். நிலை உயர்ந்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

இரண்டு, போடப்பட்ட பாதையை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது. மேலே காய்ந்த மண்போலத் தெரிவது உள்ளே கொதிக்கும் சேறாக இருக்கலாம்.

மூன்று, வழிகாட்டி "திரும்புங்க" என்றால் திரும்ப வேண்டும். "இன்னும் ஒரே ஒரு போட்டோ அண்ணே" என்ற பேச்சுக்கு இடமில்லை.

புறப்படும் முன் நான்கு ஞாயிறு

திட்டத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். இதற்கு விமானச்சீட்டு வேண்டாம்.

முதல் ஞாயிறு: சிராங்கூன் சாலையில் உள்ள ஏதாவது ஒரு கோயிலுக்குப் போய், கும்பிட்டு முடித்தபின் அரைமணி நேரம் கட்டடத்தைப் பாருங்கள். நம் விமானத்துக்கு ஆறு உறுப்புகள் உண்டு. அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. பாதம், கால், தோள், கழுத்து, தலை, முடி என்று உடம்போடு சேர்த்து நினைத்துக்கொண்டால் மறக்காது. சிவன் கோயிலில் வடக்குப் பக்கம் அபிஷேக நீர் வெளியேறும் கோமுகியைப் பாருங்கள். டியெங்கின் அர்ஜுனா கோயிலிலும் வடக்குச் சுவரில் அப்படி ஒரு நீர்வழி உண்டு. அதைப் பார்த்ததும் உங்களுக்கே விளங்கும்: இந்தக் காலியான அறைக்குள் ஒருகாலத்தில் ஒருவர் தினமும் நீர் வார்த்திருக்கிறார்.

இரண்டாம் ஞாயிறு: ஃபோர்ட் கேனிங் மலை. ஏறத்தாழ 48 மீட்டர் உயரம்தான், ஆனால் நம் ஊரின் பழைய சிதைவுகள் உள்ள மலை அது. மலாய் மக்கள் அதை "புக்கிட் லாராங்கான்", தடுக்கப்பட்ட மலை, என்றார்கள். 1928ல் அங்கே நீர்த்தேக்கம் கட்ட மண் தோண்டியபோது 14ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் கிடைத்தன. அவற்றில் ஒரு கைவளையில் காலன் முகம் பொறிக்கப்பட்டிருந்தது. நாம் கீர்த்திமுகம் என்று சொல்வதும் அதைத்தான். கோயிலில் சாமிக்குப் பின்னால் நிற்கும் திருவாசியின் உச்சியில் விழி பிதுங்க ஒரு முகம் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதே முகம்தான். அர்ஜுனா கோயிலின் வாசலுக்கு மேலும் அது இருக்கிறது. திருவாசி, தங்க வளை, டியெங் வாசல் என மூன்று இடத்திலும் அந்த முகத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

மூன்றாம் ஞாயிறு: உடற்பயிற்சி. உங்கள் புளோக்கின் படிக்கட்டில் பத்து மாடி ஏறி இறங்குங்கள், பிறகு புக்கிட் தீமா. வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்பதுதான் சோதனை. ஆஸ்துமா, இதயக் கோளாறு, இரத்தசோகை உள்ளவர்கள் பலதுறை மருந்தகத்தில் ஆலோசனை கேட்ட பிறகே பெயர் கொடுக்கவும். மறைத்துவைத்து வருவது வீரமாகாது. ஒருவர் மலையில் விழுந்தால் மொத்தக் குழுவும் இறங்க வேண்டியிருக்கும்.

நான்காம் ஞாயிறு: காகித வேலை. கடப்பிதழில் ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. நம் குழுவில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் அதற்கான விசாவைத் தனியே கவனிக்க வேண்டும். பயணக் காப்புறுதி எடுத்து, வெளியுறவு அமைச்சில் பயணத்தைப் பதிந்துவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் கட்டாயம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். "எனக்கு அன்னைக்கு வேற வேலை இருக்கு" என்று ஒதுங்கும் தம்பிக்கு உண்மையில் வேலை இல்லாமல் இருக்கலாம், காசு இல்லாமல் இருக்கலாம். முடிந்தவர்கள் சற்று அதிகம் போடட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நாள்வாரியாக ஒரு திட்டம்

முதல் நாள்: விமானத்தில் யோக்யகார்த்தா. அங்கிருந்து வேனில் வோனோசோபோ. அந்த ஊர் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவு அங்கேயே தங்கினால் உடல் கொஞ்சம் பழகும்.

இரண்டாம் நாள்: வோனோசோபோவிலிருந்து டியெங் 26 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவு நெளிவான ஏற்றம். வாந்தி வருகிறவர்கள் முன்னிருக்கையில் உட்காருங்கள். போய்ச் சேர்ந்ததும் ஓடாதீர்கள். வெந்நீர் குடித்து ஓய்வெடுங்கள். நம் ஊர் வெயிலில் தாகம் தெரியும், குளிரில் தெரியாது. ஆனாலும் உடலுக்குத் தண்ணீர் வேண்டும். மாலையில் கைலாசா அருங்காட்சியகம். மனித உடலும் காளைத் தலையும் கொண்ட நந்தியை அங்கே பார்க்கலாம். 

மூன்றாம் நாள்: காலையில், மூடுபனி ஏறும் முன், அர்ஜுனா வளாகம். குறைந்தது இரண்டு மணி நேரம். ஸ்ரீகண்டி கோயிலின் வெளிச்சுவர்களில் வடக்கே திருமால், கிழக்கே சிவன், தெற்கே பிரம்மா என மும்மூர்த்திகளும் இருக்கிறார்கள். பிறகு பீமா கோயில். அதன் கூரையில் சிறு சிறு வளைவுகளுக்குள்ளிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கும். அந்த வளைவுக்குக் கட்டடக்கலையில் "கூடு" என்று பெயர். அது நம் தமிழ்ச் சொல். மாமல்லபுரத்திலும் கூடுகளுக்குள் இதேபோல முகங்கள் உண்டு. பக்கத்திலேயே சிக்கிடாங் பள்ளம். பிற்பகலில் கீழே இறங்கிவிடலாம்.

சூரிய உதயம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மூன்றாம் நாள் விடியலில் சிகுனிர் குன்றுக்குப் போகலாம். ஆனால் இரவு தலைவலி இருந்தவர்கள் படுத்துத் தூங்கட்டும். தலைவலியோடு மேலும் உயரம் ஏறக் கூடாது.

நான்காம் நாள்: பிரம்பானான். சிவன் கோயிலைச் சுற்றி வரும்போது வடக்கே துர்க்கை, மேற்கே கணபதி. தெற்கே யார் தெரியுமா? நம் ஊரில் தட்சிணாமூர்த்தி அமரும் அந்தத் திசையில், அங்கே அகத்தியர் நிற்கிறார். பொதிகை மலை முனிவரை ஜாவாவில் சந்திக்கலாம். ஐந்தாம் நாள் வீடு.

சாப்பாட்டைப் பற்றி அம்மாமார்கள் கேட்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வோனோசோபோவில் மாவில் தோய்த்துப் பொரித்த தெம்பே கிடைக்கும். ஆனால் சம்பலில் "தெராசி" இருக்கிறதா என்று கேளுங்கள். நம் பெலாச்சான்தான் அது. மேலே சமைத்துச் சாப்பிடத் திட்டமிட்டால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் அரிசி வேக நேரமெடுக்கும். "கொதிக்குது, ஆனா வேகலையே" என்று யாரும் பதற வேண்டாம்.

காலியான கருவறையின் முன்னால்

"அங்க போய் ஒரு சூடம் ஏத்தலாமா?" இதையும் ஒருவர் கேட்டார். கூடாது. அந்தக் கற்கள் 2010ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டத்தின்படி பாதுகாக்கப்படும் மரபுச் சொத்து. கரியும் எண்ணெயும் குங்குமமும் கல்லின் நுண்துளைக்குள் போனால் வெளியே எடுப்பது கடினம். குழுவாக வழிபட விரும்பினால் முன்கூட்டியே அனுமதி கேட்கும் வழிகள் இருக்கின்றன. பிரம்பானான், போரோபுதூர் முதலியவற்றை இந்து, பௌத்த வழிபாட்டுக்கும் பயன்படுத்த 2022ல் இந்தோனீசிய அரசு உடன்பாடு செய்தது. கேட்டுச் செய்வதுதான் விருந்தினருக்கு அழகு. அனுமதி இல்லாதபோது கண்மூடி நின்று மனத்துக்குள் சொல்லும் மந்திரத்தை யாரும் தடுக்கமாட்டார்கள்.

நாம் விருந்தினர்கள் என்பதை மறக்கக் கூடாது. டியெங்கில் வாழ்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அந்த வளாகத்தில் வேலை செய்பவர்களும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவர்களும் அவர்கள்தான். அங்கே சில குழந்தைகளுக்கு முடி தானாகவே சடைசடையாகத் திரிந்து வளரும். அதைச் சடங்கோடுதான் நீக்குவார்கள். குழந்தை கேட்கும் பொருளை வாங்கிக் கொடுத்த பிறகே முடியில் கை வைப்பார்கள். டியெங் கலாசார விழாவில் இந்தச் சடங்கு அர்ஜுனா வளாகத்தில்தான் நடக்கிறது. வெட்டிய முடியை நீரில் விடுகிறார்கள். குழந்தைக்கு முடியிறக்கிப் பழக்கப்பட்ட நமக்கு இது புரியாமல் போகுமா? மதம் மாறினாலும் அந்த மக்கள் அந்த மண்ணின் மரியாதையை விட்டுவிடவில்லை.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். சாமி இல்லாத கோயிலுக்கு எதற்காகப் போகிறோம்?

சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827ல் தோன்றியது. 2023 பிப்ரவரி 12ல் அதற்குக் குடமுழுக்கு நடந்தது. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு 2018 ஏப்ரல் 22ல் நடந்தது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாம் இதைச் செய்கிறோம். ஏன்? ஒரு தடவை கட்டி முடித்தால் கோயில் தானாக நிற்கும் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி ஏணி வைத்து ஏறி, கலசத்தில் நீர் ஊற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

டியெங்கில் கல் இருக்கிறது. கோமுகி இருக்கிறது. வாசலில் கீர்த்திமுகம் இருக்கிறது. நீர் வார்க்கும் கை மட்டும் இல்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டு தாங்கிய கல்லால்கூட அந்த ஒரு குறையை நிரப்ப முடியவில்லை.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரத்தான் போகிறோம். பார்த்தவர்களுக்குத் திரும்பி வந்ததும் சிராங்கூன் சாலைக் கோயில் வேறு மாதிரித் தெரியும். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நிற்க ஆள் கேட்டால், அன்னதானத்துக்குக் காய் வெட்டக் கூப்பிட்டால், "வேற யாராவது செய்வாங்க" என்று சொல்ல நாக்கு எழாது. டியெங்கிலும் ஒருநாள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்களோ என்னவோ!

அடுத்த ஞாயிறு அந்தத் தாயாரிடம் இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, என் பிள்ளையோட பேரையும் எழுதிக்கோங்க. ஆனா குல்லா இல்லாம அனுப்பமாட்டேன்," என்றார்.

கலந்துரையாட

1. உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள கோயிலில் இன்று தொண்டு செய்பவர்களின் வயது என்ன? இருபது ஆண்டு கழித்து அந்த இடத்தில் யார் நிற்பார்கள்?

2. மாமல்லபுரத்துக்கும் டியெங்குக்கும் மக்கள் பாரதப் பெயர்கள் வைத்தார்கள். ஓரிடத்துக்கு உண்மையான பெயர் மறந்துபோனால், மக்கள் வைத்த பெயருக்கு மதிப்பு உண்டா?

3. குழுவில் ஒருவருக்கு மலையில் தலைவலி கூடுகிறது. மற்ற பதினைந்து பேரும் சூரிய உதயம் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பொறுப்பாளராக நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள்?

4. வேறு மதத்தவர் நம் பழைய கோயிலைப் பராமரிக்கிறார்கள். அவர்களிடம் நாம் என்ன கற்கலாம்? திரும்பி வந்து வேறு மதத்தவரின் எந்த இடத்துக்கு நாம் அந்த மரியாதையைக் கொடுக்கலாம்?

விடைகளை எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். தேநீர் நேரத்தில் பேசுவோம்.